பழைய ஐ5-ஐ ஓவர்க்ளாக் பண்ணலாமா, இல்ல மாத்திடலாமா? (ஆல்பம் வேலைக்கு)

ஆல்பம்காரன் | ஞாயிறு, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துல சின்னதா ஒரு ஸ்டுடியோ வெச்சிருக்கேன். ஆல்பம் டிசைன், கல்யாண வீடியோ எடிட்டிங் ரெண்டுக்கும் ஒரே சிஸ்டம்தான். 2012ல அசெம்பிள் பண்ணது: ஐ5-2400 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் பின்னாடி போட்டது.

ஒரு வருஷமாவே நொண்டுது. ஆல்பம் ஷீட் ஒண்ணை சேவ் கொடுத்துட்டு எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு வந்தாலும் அந்தக் கோடு பாதியிலயே நிக்குது. வீடியோ எக்ஸ்போர்ட் போட்டா கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான். வைகாசியில ஏழு கல்யாணம் கையில இருக்கு.

பெங்களூர்ல படிக்கிற அக்கா பையன், "மாமா, ஓவர்க்ளாக் பண்ணுங்க, கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ப்ராசஸரை ஓட்டுங்க, காசே இல்லாம வேகம் ஏறும்"ங்கறான். ஒரு கடையில கேட்டா, "ப்ராசஸர் வீக் ஆயிடுச்சு, போர்டோட மாத்திடுங்க"ன்னு 38,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தாங்க. யார் பேச்சைக் கேக்கறது?

குட்டிவைரஸ் | ஞாயிறு, இரவு 10.41

ப்ரோ, உங்க அக்கா பையன் சொல்றது கரெக்ட். 2400ஐ 3.8 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்தினவங்க இருக்காங்க. நானே படிச்சேன். சும்மா கிடக்கிற வேகத்தை எதுக்கு விடணும்? பயாஸ்ல (சிஸ்டம் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங் ஸ்க்ரீன்) போய் மல்டிப்ளையரை ஏத்துங்க, அவ்ளோதான்.

தொப்பூர்_கணவாய் | ஞாயிறு, இரவு 11.05

எச்61ல மல்டிப்ளையர் ஏறாது. தம்பி படிச்சது பி67, இசட்68 போர்டுல பண்ணது. அதுல பேர்ல கே இல்லாத (பூட்டுப் போட்ட) ஐ5க்கும் டர்போவுக்கு (லோடு வரும்போது தானா ஏறிக்கிற வேகம்) மேல நாலு படி இடம் விட்டிருந்தான் இன்டெல். எச்61ல அந்தக் கதவே இல்ல.

அடிக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், அதை மல்டிப்ளையரால பெருக்கினதுதான் ப்ராசஸர் வேகம். அதை ஏத்தலாமான்னு கேப்பீங்க. இந்தத் தலைமுறையில டிஸ்க் மாட்டற சாட்டா, கார்டு மாட்டற பிசிஐ எல்லாம் அதே கயித்துலதான் கட்டியிருக்கு. அஞ்சு சதவீதம் தாண்டறதுக்குள்ள ஹார்ட் டிஸ்க் காணாமப் போகும். வாடிக்கையாளர் படம் இருக்கிற டிஸ்க்கை வெச்சு இந்த விளையாட்டு வேணாம்.

இன்னொண்ணு. ப்ராசஸர் "வீக்" ஆகாதுங்க. அது என்ன, மாட்டு வண்டி அச்சாணியா? தேயறது கூலருக்கும் சிப்புக்கும் நடுவுல தடவற பேஸ்ட், ஃபேன், டிஸ்க். ஆல்பம்காரரே, எக்ஸ்போர்ட் ஓடும்போது டெம்பரேச்சர் எவ்வளவு?

ஆல்பம்காரன் | ஞாயிறு, இரவு 11.12

டெம்பரேச்சர் எங்க பாக்கறதுன்னே தெரியாதுங்க.

தொப்பூர்_கணவாய் | ஞாயிறு, இரவு 11.14

எச்டபிள்யூமானிட்டர்னு ஒரு சாஃப்ட்வேர் போடுங்க. பத்து நிமிஷம் எக்ஸ்போர்ட் ஓட்டிட்டு அதிகபட்சம் எவ்வளவுன்னு பாத்து எழுதுங்க. கூடவே கடிகார வேகமும்.

பென்சில்மணி | திங்கள், காலை 6.30

ஓவர்க்ளாக் என்றதும் என் போன்ற கிழவர்களுக்குக் கை பரபரக்கிறது. 1998இல் இன்டெல்லின் செலரான் 300ஏ வந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விலை போட்டு விற்றார்கள். பஸ் வேகத்தை, அதாவது அந்தக் காலத்து அடிக் கடிகாரத்தை, 66இலிருந்து 100க்கு மாற்றினால் 450இல் ஓடும். ஒரே மாற்றத்தில் ஒன்றரை மடங்கு! அப்புறம் இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ட்யூரான். அந்தச் சிப்பின் மேல் எல்1 என்று சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். சாதாரணப் பென்சிலால் புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டால் மல்டிப்ளையர் பூட்டு திறந்துவிடும். என் பெயர்க் காரணம் அதுதான். மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த பென்சில்.

அப்போது அது லாபம், ஏனென்றால் கம்பெனி நிறைய வேகத்தை உள்ளேயே விட்டுவைத்து விற்றது. இப்போது டர்போ என்ற பெயரில் அந்த மிச்சத்தைக் கம்பெனியே வழித்து எடுத்துக் கொடுத்துவிடுகிறது. பாத்திரத்தில் சுரண்ட ஒன்றும் இல்லை தம்பி. உங்கள் 2400 நடுவில் வந்தது. அதில் கொஞ்சம் மிச்சம் உண்டு, ஆனால் உங்கள் போர்டு கரண்டியைக் கொடுக்காது.

அரூர்_டிடிபி | திங்கள், காலை 9.50

அண்ணா, எல்லாரும் ப்ராசஸரையே பேசறாங்க. நீங்க எங்க காத்திருக்கீங்கன்னு பாருங்க. சேவ் பண்ணும்போதுதானே?

ஆல்பம் சைஸ் 12க்கு 36 தானே போடறீங்க? 300 டிபிஐல அது 10,800க்கு 3,600 பிக்சல். பெருக்கினா 3 கோடியே 88 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 3 பைட்னா வெறும் பேக்ரவுண்டு லேயரே 110 எம்பிக்கு மேல. அதுக்கு மேல பொண்ணு மாப்பிள்ளை கட்அவுட், பூ, மாஸ்க், நிழல், டெக்ஸ்ட்னு பன்னெண்டு லேயர் போட்டா ஒரு ஷீட்டே ஒரு ஜிபி தாண்டும். பின்னாடி ஹிஸ்டரி வேற. மூணு ஷீட்டைத் திறந்து வெச்சிட்டு, குரோம்ல வாட்ஸ்அப்பையும் திறந்தா 8 ஜிபி எங்க பத்தும்? ரேம் நிரம்பினதும் ஃபோட்டோஷாப் டிஸ்க்ல எழுத ஆரம்பிக்கும். அதே டிஸ்க்லதான் விண்டோஸும் இருக்கு, ஃபோட்டோவும் இருக்கு. டிஸ்க்ல படிக்கிற ஒரே முள்ளு மூணு பேருக்கு ஓடணும்.

சேவ் கொடுத்துட்டு டீக்கடைக்குப் போகாம டாஸ்க் மேனேஜரைத் திறந்து உக்காருங்க. சிபியு, மெமரி, டிஸ்க் மூணும் எத்தனை சதவீதம்னு எழுதுங்க.

ஓசூர்_ஷிஃப்ட் | திங்கள், பிற்பகல் 3.40

நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்கி இப்பதான் எழுந்தேன். நிஜமாவே ஓவர்க்ளாக் பண்ணவன் கதையையும் கேளுங்க.

என்கிட்ட 2500கே இருந்தது, இசட்68 போர்டோட. 3.3ஐ 4.4ஆ ஏத்தினேன், வோல்டேஜ் 1.2ல இருந்து 1.35. ஓசூர் மார்கழிக் குளிர்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு, ஜன்னலைத் திறந்து வெச்சு டெஸ்ட் ஓட்டினேன். ஆறு மணி நேரம் ப்ராசஸரைப் பிழியற ப்ரைம்95 டெஸ்ட், ஒரு பிழை இல்ல. மூணு மாசம் ராஜா மாதிரி ஓடுச்சு. அப்புறம் கல்யாணம் ஆகி சிஸ்டத்தைப் பாலக்கோடு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ரூம். ஏப்ரல் மாசம், மதியம் ரெண்டு மணி. எழுதிட்டிருந்த ஃபைலோட நீலத்திரை. மறுநாளும். அதுக்கு மறுநாளும்.

அப்பதான் கணக்குப் போட்டேன். கூலர் ப்ராசஸரைக் குளிர வைக்கறதில்ல, ரூம் சூட்டுக்கு மேல இத்தனை டிகிரின்னு பிடிச்சு வைக்குது. ரூம் 20ல இருந்து 39க்குப் போனா உள்ளேயும் அந்த 19 அப்படியே ஏறும். சிப் தின்னும் கரண்ட் வோல்டேஜோட வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கினது. 1.35ஐ 1.2ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 1.27, அதை 4.4/3.3ஆல பெருக்கினா 1.69. வேகம் மூணுல ஒரு பங்கு கூடுச்சு, சூடு மூணுல ரெண்டு பங்கு கூடுச்சு. ஓசூர்ல வெச்ச செட்டிங் தர்மபுரி மாவட்ட வெயிலுக்குச் செல்லாது. கடைசியில 4.0ல வோல்டேஜைத் தொடாம விட்டேன். அது இன்னிக்கும் ஓடுது, தம்பி பையன் வீட்ல.

குட்டிவைரஸ் | திங்கள், மாலை 5.15

அண்ணா அதுக்குத்தானே வாட்டர் கூலர் இருக்கு?

ஓசூர்_ஷிஃப்ட் | திங்கள், மாலை 5.22

தண்ணியும் ரூம் காத்துலதான் ஆறணும் தம்பி. ஆறாயிரம் ரூபாய் கூலரைப் போட்டு பழைய ப்ராசஸரை 20 சதவீதம் ஏத்தற காசுக்கு அடுத்த ப்ராசஸருக்கு அட்வான்ஸ் கட்டலாம். விளையாட்டுக்குப் பண்ணு, நானும் வர்றேன். பொழப்பு நடக்கிற மெஷின்ல பண்ணாத.

ஆல்பம்காரன் | செவ்வாய், இரவு 9.35

பாத்துட்டேன். நடந்ததை அப்படியே எழுதறேன்.

ஷீட் சேவ்: சிபியு 18 முதல் 25 வரைக்கும்தான். மெமரி 96. டிஸ்க் 100ல ஒட்டிக்கிட்டு நகரவே இல்ல. அரூர் அக்கா சொன்னது அப்படியே.

எக்ஸ்போர்ட்: சிபியு 100. டெம்பரேச்சர் நாலே நிமிஷத்துல 97. கடிகார வேகம் 3.2ல இருந்து விழுந்து 1.6க்கும் 2.4க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது.

தொப்பூர்_கணவாய் | செவ்வாய், இரவு 9.41

ஆஹா. ஓவர்க்ளாக் பண்ணப் போன ஆளு இத்தனை நாளா அண்டர்க்ளாக்ல ஓட்டிட்டிருந்திருக்கார். சூடு தாங்காம சிப் தானே வேகத்தைக் குறைச்சுக்குது. கூலரைக் கழட்டுங்க. எக்ஸ்போர்ட் ஓட்டி சூடா இருக்கும்போதே ஆஃப் பண்ணிட்டுக் கழட்டினா பேஸ்ட் இளகி வரும். காஞ்சு போனதை இழுத்தா ஒட்டிக்கிட்டு வரும். நாலு மூலை பின்னையும் அம்புக்குறிப் பக்கமா கால் சுத்து திருப்பி மேல தூக்கணும். மாட்டும்போது எதிரெதிர் மூலையா அழுத்துங்க, வரிசையா அழுத்தாதீங்க.

டிஸ்க் 100ல நிக்குதுன்னா இன்னொரு சந்தேகம். டிஸ்க் ஆரோக்கியம் காட்டற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு என்ன கலர் காட்டுதுன்னு சொல்லுங்க. இதை முதல்ல.

ஆல்பம்காரன் | செவ்வாய், இரவு 9.58

மஞ்சள். "எச்சரிக்கை"ன்னு இருக்கு. மறுஒதுக்கீடு செய்த செக்டார்னு ஒரு வரி.

தொப்பூர்_கணவாய் | செவ்வாய், இரவு 9.59

எல்லாத்தையும் நிறுத்துங்க. டிஸ்க்ல இடம் கெட ஆரம்பிச்சிருக்கு. முதல்ல காப்பி எடுங்க. இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணம் எது எதுவோ அதை இன்னிக்கு ராத்திரியே எக்ஸ்டர்னல்ல போடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க.

அரூர்_டிடிபி | செவ்வாய், இரவு 10.06

அண்ணா, ஓவர்க்ளாக் பேச்சை விடுங்க. ஃபோட்டோ போச்சுன்னா இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியாது.

ஆல்பம்காரன் | வியாழன், காலை 7.45

ரெண்டு ராத்திரி உக்காந்து காப்பி எடுத்துட்டேன். ஒரே ஒரு ஃபோல்டர்ல 11 படம் திறக்கல. நல்லவேளை, அந்தக் கேமரா கார்டை இன்னும் அழிக்கல.

நேத்து மத்தியானம் கேபினெட்டைத் திறந்தேன். சொல்லவே வெக்கமா இருக்கு. கூலர் ஃபேனைத் தூக்கினா அடியில அலுமினியத் தகடே தெரியல. தூசி படிஞ்சு படிஞ்சு பழைய கம்பளி மாதிரி ஒரே துண்டா கையில வந்துச்சு. எதிர்ல ரோடு வேலை நடந்தப்ப உள்ள போன செம்மண்ணும் சேர்ந்து அதுக்கு ஒரு காவி நிறம். கேபினெட் அடியில ரெண்டு பல்லி முட்டை ஓடு. பேஸ்ட் இருந்த இடத்துல நகத்தால சுரண்டினா காஞ்ச விபூதி மாதிரி உதிருது. நாலு பின்ல ஒண்ணோட கால் உடைஞ்சிருக்கு. அந்த மூலையில கூலர் சிப்பைத் தொடவே இல்ல போலிருக்கு. எத்தனை வருஷமா இப்படி ஓடுச்சோ.

பழைய சாமான் வெச்சிருக்கிற நண்பர்கிட்ட வேற ஒரு ஸ்டாக் கூலர் வாங்கி, புது பேஸ்ட் பட்டாணி அளவு வெச்சு மாட்டினேன். இப்போ அதே எக்ஸ்போர்ட்: அதிகபட்சம் 71. வேகம் 3.2ல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. 35 நிமிஷ வீடியோ முன்னாடி 3 மணி 10 நிமிஷம் எடுத்தது, இப்போ 1 மணி 50. செலவு பேஸ்ட்டுக்கு 180 ரூபாய்.

குட்டிவைரஸ் | வியாழன், காலை 8.02

180 ரூபாய்க்கு 40 சதவீதம் நேரம் மிச்சம். ப்ரோ, இதுதான் ஓவர்க்ளாக் 😄

ஆல்பம்காரன் | வியாழன், காலை 8.10

சரி, அடுத்தது என்ன? பெங்களூர் எஸ்பி ரோட்ல பழைய ஐ7-3770 கிடைக்குதுன்னு அக்கா பையன் சொல்றான். அதே போர்டுல உக்காருமாம். வாங்கிடவா?

தொப்பூர்_கணவாய் | வியாழன், காலை 8.50

உக்காரும், ஆனா ஒரு கொக்கி. 3770 அடுத்த தலைமுறை, 2012ல வந்தது. உங்க போர்டு பயாஸ் பழசா இருந்தா அதை அடையாளம் தெரியாது. ஸ்க்ரீனே வராது. முதல்ல 2400 இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணி, அப்புறம் மாத்தணும். பயாஸ் எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போச்சுன்னா போர்டு செங்கல். உங்க ஏரியாவுல மாதாந்திர ஷட்டவுன் என்னிக்குன்னு பாத்துக்கோங்க. யூபிஎஸ் பேட்டரி நிஜமாவே தாங்குதான்னும் ப்ளக்கைப் பிடுங்கிப் பாத்துட்டு ஆரம்பிங்க.

கோர் அதே நாலுதான். த்ரெட் (ஒரே நேரத்துல ஓட்டற வேலை) நாலு எட்டாகும், டர்போ 3.4ல இருந்து 3.9. எக்ஸ்போர்ட்ல தெரியும், ஆல்பம் சேவ்ல தெரியாது. 95 வாட் சிப்புக்குப் பதிலா 77 வாட், அது ஒரு நன்மை.

அரூர்_டிடிபி | வியாழன், காலை 10.15

என் ஓட்டு: முதல்ல எஸ்எஸ்டி, ரெண்டாவது ரேம், ப்ராசஸர் கடைசி. என் சென்டர்ல இதைவிடப் பழைய மெஷின்ல எஸ்எஸ்டி போட்டேன். பேஜ்மேக்கர்ல பத்திரிகை அடிக்கிற பொண்ணு, "அக்கா, புது கம்ப்யூட்டரா?"ன்னு கேட்டா.

எச்61ல சாட்டா 3 ஜிபிட் வேகம்தான். எஸ்எஸ்டியோட முழு வேகம் வராது, பாதிக்கு வரும். பரவாயில்ல. ஹார்ட் டிஸ்க்ல வலி வேகம் இல்ல, முள்ளு இங்கயும் அங்கயும் ஓடற நேரம். அது எஸ்எஸ்டியில கிடையவே கிடையாது. 2.5 இன்ச் சாட்டா டைப் கேட்டு வாங்குங்க. குச்சி மாதிரி இருக்கிற என்விஎம்இயைக் கட்டிடப் போறாங்க, அதுக்கு உங்க போர்டுல இடமே இல்ல. ரேம் ஸ்லாட் ரெண்டுதான் இருக்கும். 4+4ஐ எடுத்துட்டு 8+8 டிடிஆர்3. 16தான் அந்தப் போர்டுக்கு எல்லை.

பென்சில்மணி | வியாழன், மாலை 6.05

ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் 4கே கேட்கிறார்களா?

ஆல்பம்காரன் | வியாழன், இரவு 9.20

கேக்க ஆரம்பிச்சுட்டாங்க சார். மாப்பிள்ளை வீட்டுப் பசங்க ஃபோன்ல எடுத்த 4கே கிளிப்பைக் கொண்டு வந்து "இதையும் சேத்துடுங்கண்ணா"ங்கறாங்க. டைம்லைன்ல வெச்சதும் சிஸ்டம் படுத்துடுது. இப்போ சூடு குறைஞ்ச பிறகும் அதேதான்.

பென்சில்மணி | வியாழன், இரவு 9.55

நினைத்தேன். இந்த ஃபோன்களில் பல எச்இவிசி என்ற முறையில் சுருக்கிப் பதிவு செய்கின்றன. அதைப் பிரித்துக் காட்ட ப்ராசஸருக்குள் தனிப் பகுதி வேண்டும். இன்டெல்லில் அது ஆறாம் தலைமுறையில்தான் முழுதாக வந்தது. உங்களுடையது இரண்டாம் தலைமுறை, 3770 மூன்றாம் தலைமுறை. இரண்டிலும் இல்லை. ஓவர்க்ளாக் செய்தாலும் இல்லாத உறுப்பு முளைக்காது. வீடியோ கணக்குகளை வேகமாகப் போடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் இவற்றில் இல்லை, அவை 2013இல் நான்காம் தலைமுறையோடு வந்தவை. எடிட்டிங் மென்பொருளான ப்ரீமியரின் புதிய பதிப்பு ஆறாம் தலைமுறைக்குக் கீழே ஆதரவே தருவதில்லை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை கேட்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆகவே அந்தப் போர்டில் ப்ராசஸருக்கு என்று போடும் எந்தப் பணமும் வாடகை வீட்டுக்கு மார்பிள் போடுவது.

இப்போதைக்கு ப்ராக்ஸி செய்யுங்கள். ப்ரீமியரிலேயே இருக்கிறது. 4கே கிளிப்புகளுக்குச் சின்ன நகல் எடுத்துக்கொள்ளும். எடிட் நகலில் நடக்கும், எக்ஸ்போர்ட் அசலில் நடக்கும். நகல் எடுக்க இரவில் விட்டுவிடுங்கள்.

ஓசூர்_ஷிஃப்ட் | வெள்ளி, காலை 7.10

சார் சொன்னதுக்கு மேல ஒண்ணு. புதுசு வாங்கும்போது ஐ3-12100 மாடலே போதும், நாலு கோர் எட்டு த்ரெட். ஆனா 12100எஃப் வாங்காதீங்க. கொஞ்சம் மலிவுன்னு கடையில அதைத்தான் தள்ளுவாங்க. எஃப்ல உள்கிராஃபிக்ஸ் கிடையாது, வீடியோவைப் பிரிக்கிற அந்தப் பகுதி அங்கதான் இருக்கு. எடிட்டிங்காரருக்கு அதுதானே வேணும்.

நான் இப்போ ஏஎம்டியோட ரைசன்ல இருக்கேன். 2017ல பி350 போர்டும் ரைசன் 5 1600உம் வாங்கினேன். பயாஸ் மட்டும் மாத்திட்டு அதே போர்டுல ரைசன் 5 5600ஐ உக்கார வெச்சிருக்கேன். அப்கிரேடுன்னா அது அப்கிரேடு. ஆனா 5600லயும் உள்கிராஃபிக்ஸ் இல்ல, நீங்க அதை எடுத்தா தனி கார்டு நல்லதா வேணும்.

குட்டிவைரஸ் | வெள்ளி, காலை 7.30

அப்போ 38,000 கொட்டேஷன் சரிதான்னு ஆகுதே?

தொப்பூர்_கணவாய் | வெள்ளி, காலை 7.44

மருந்து சரி, நோய் சொன்னது தப்பு. கேபினெட்டைத் திறந்து பாக்காம எழுதின சீட்டு. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிப் புது மெஷின்ல அப்படியே மாட்டியிருப்பாங்க. மூணாவது மாசம் அது செத்திருக்கும்.

ஆல்பம்காரன் | அடுத்த வாரம் புதன், இரவு 10.30

எஸ்எஸ்டி 480 ஜிபி ஒண்ணு, பழைய டிடிஆர்3 8+8 ஒரு ஜோடி போட்டாச்சு. விண்டோஸும் ஃபோட்டோஷாப் தற்காலிகமா எழுதற ஸ்க்ராட்ச்சும் எஸ்எஸ்டியில. மஞ்சள் காட்டின டிஸ்க்கைக் கழட்டிட்டுப் புது 2 டிபி. ஷீட் சேவ் கொடுத்துட்டு எழுந்திருக்கப் போனேன், முடிஞ்சிடுச்சு. டீக்கடைக்காரர் "என்ன சார், ஆளையே காணோம்"ங்கறார்.

3770 வாங்கல. ஃபோன் கிளிப்புக்கு ப்ராக்ஸி போட்டுப் பாத்தேன், ராத்திரி விட்டுட்டுப் போனா காலையில ரெடியா இருக்கு. வைகாசி ஏழு கல்யாணத்தையும் இதுலயே முடிச்சிடலாம். ஆடியில எனக்கு எப்படியும் முகூர்த்தம் இல்ல, கையும் காலியா இருக்கும். அப்போ 12100, எஃப் இல்லாதது, புது போர்டு. எஸ்எஸ்டி அதுக்கும் ஆகும்தானே?

தொப்பூர்_கணவாய் | புதன், இரவு 10.38

ஆகும். கேபிளோட தூக்கி மாட்டுங்க. ரேம் ஆகாது, அது டிடிஆர்4 இல்லாட்டி டிடிஆர்5 கேக்கும். போர்டைப் பொறுத்தது.

அரூர்_டிடிபி | வியாழன், காலை 9.30

அண்ணா, கழட்டின 4+4 டிடிஆர்3 சும்மாதானே கிடக்கு? என் சென்டர்ல ஒரு மெஷின் 2 ஜிபியில இழுத்துக்கிட்டு இருக்கு. விலை சொல்லுங்க.

ஆல்பம்காரன் | வியாழன், காலை 9.52

விலையெல்லாம் வேணாம்க்கா. வர்ற ஞாயிறு தீர்த்தமலையில ஒரு கல்யாணம், அரூர் வழியாத்தான் வர்றேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட யாரையாவது நிக்கச் சொல்லுங்க, ஆன்டிஸ்டேட்டிக் கவர்ல போட்டுக் கொடுத்துடறேன். காலையில அஞ்சரைக்குள்ள வரணும், முகூர்த்தம் ஆறரை.